கொல்லிமலையில் ஒரு பிடி சேறு

கொல்லிமலை வல்வில் ஓரியின் மலை என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அதே மலை ஓர் ஆங்கிலேயச் சிறுவனுக்குப் பள்ளிக்கூடமாய் அமைந்த வரலாற்றை அறிந்தோர் சிலரே. நாமும் அதனைப் பிந்தியே அறிந்தோம். குருமடத்தில் மறைப்பணி வரலாறு பயின்ற நாள்களில் பிற சபையாரின் பெயர்கள் நம் ஏடுகளில் அதிகம் இடம்பெற்றதில்லை.

ஜெசி பிராண்ட், எவலின் பிராண்ட் என்னும் பாப்டிஸ்து மறைப்பணியாளர் இருவரும் 1913-இல் மணமுடித்து இம்மலைக்கு வந்து, வாழவந்தியில் வீடு கட்டித் தங்கினர். வாழ வந்தவர்களுக்கு ஏற்ற ஊர்ப்பெயர்தான்! எழுபது கொண்டை ஊசி வளைவுகளோடு இன்று நாம் காணும் சாலை அப்போது இல்லை. நடந்தோ டோலியிலோதான் மலையேற வேண்டும். மலைக்காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளியார் பலர் அப்பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள். அங்கேதான் 1914 சூலை 17-இல் அவர்களுடைய மகன் பால் பிறந்தான்.

அவனுக்கு வகுப்பறை இல்லை. கணக்கும் எழுத்தும் தாய் கற்பித்தார். அப்பாடங்களையும் அவன் மரக்கிளையில் அமர்ந்தே செய்து முடிப்பானாம். தந்தையோ காட்டுவழியில் நடக்கும்போதே கறையான் புற்றையும் பறவையையும் பூச்சியையும் நின்று காட்டி விளக்குவார். 1923-இல் ஒன்பது வயதில் சிறுவன் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டான். தந்தையை அவன் மீண்டும் காணவில்லை. 1929-இல் ஜெசி பிராண்ட் காய்ச்சல் முற்றி மலையிலேயே இறந்தார்.

பால் பிராண்ட் 1946 முதல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தியவர் என்பது உலகறிந்த செய்தி. 2003-இல் மறைந்த அவர், 1980-களில் மண்ணைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நம்மை ஈர்த்தது அதுவே.

மலைச்சரிவின் படிவயல் ஒன்றில் சிறுவர்கள் தவளை பிடிக்கப் போட்டியிட்டு, நாற்றையும் சேற்றையும் மிதித்துக் கலக்கிக்கொண்டிருந்தனர். வரப்பையும் மடையையும் காக்கும் முதியவர் வந்தார். தாத்தா என்றே சிறுவர்கள் அவரை அழைத்தனர். அவர் கோலை ஓங்கவில்லை. ஒரு பிடி சேற்றை அள்ளிக்காட்டி, இது என்னவென்று வினவினார். பின்னர் ஒரு மடையில் தெளிந்து ஓடும் நீரையும், அவர்கள் கலக்கிய மடையில் ஓடும் நீரையும் அருகருகே காட்டினார். ஒரு பிடி சேறு ஒருவனுக்கு ஒருவேளைச் சோறு தரும், ஆண்டுதோறும் தரும், கீழே ஓடிவிட்டால் மலைக்குத் திரும்பாது. இவ்வளவே அவர் பாடம். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதனை அம்மருத்துவர் மறக்கவில்லை!

வீர விளையாட்டு, மலையேற்றம், காட்டில் தங்குதல் வழியாக இளையோரைப் பயிற்றுவிக்கும் முறை மேனாட்டில் தனித்துறையாகவே வளர்ந்துள்ளது. ஜெர்மனியினின்று வெளியேறிய கல்வியாளர் குர்ட் ஹான், கப்பல் நிறுவனத்தாரான லாரன்ஸ் ஹோல்ட் துணையோடு 1941-இல் வேல்சு நாட்டின் அபர்டவியில் 'அவுட்வர்ட் பவுண்ட்' பள்ளியைத் தொடங்கினார். போரில் கப்பல் மூழ்கும்போது வலுமிக்க இளைஞர்கள் முதியோருக்கு முன்பே மனந்தளர்ந்து மடிகின்றனர் என்ற கவலையே அதற்கு வித்திட்டது என்பர். 1997-இல் ஜான் ஹாட்டி முதலிய நால்வர் இத்தகைய பயிற்சிகள் குறித்த 96 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். பயிற்சி முடிந்த வேளையில் சராசரி விளைவு 0.34 என்னும் அளவில் இருந்தது, இது மிதமானதே. வியப்பு அதன் பின்னர்தான். வீடு திரும்பியபின் அது மேலும் 0.17 கூடியது. மற்றக் கல்வித் திட்டங்களின் பயன் நாளடைவில் தேய, இது வளர்ந்தது. நீண்டநாள் பயிற்சிகளே மிகுந்த பயன் தந்தன என்றும் கண்டனர்.

இது நம்மைச் சுடுகிறது. நாம் இளையோரை நடத்திச்செல்லும் விதம் வேறு. சில ஆண்டுகளுக்குமுன் எம் பங்கின் பிள்ளைகளைப் பேருந்தில் கொல்லிமலைக்கு அழைத்துச்சென்றோம். அவர்கள் வளைவுகளை எண்ணினார்கள், ஆகாய கங்கைக்கு ஆயிரம் படிக்கு மேல் இறங்கி ஏறினார்கள், களைத்தார்கள், மகிழ்ந்தார்கள். குறை சொல்வதற்கில்லை. திரும்பும் வழியில் ஒரு வயலோரம் வண்டி நின்றது. நிழற்படம் எடுக்க வரப்பில் ஏறியவர்கள் அதன் ஒரு பகுதியைச் சரித்துவிட்டனர். மண்வெட்டியோடு நின்ற மூதாட்டி ஒருவர் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஏதோ சொல்லத் தொடங்கினார். இருட்டுமுன் மலையிறங்க வேண்டுமே என்ற பதற்றத்தில் நாம் ஊதலை ஊதினோம். பிள்ளைகள் ஓடிவந்து ஏறிக்கொண்டார்கள். மூதாட்டி குனிந்து மண்ணை இழுத்துப்போடுவதைச் சன்னல் வழியே கண்டோம்.

பிராண்டின் கட்டுரை அதன்பிறகே நம் கைக்கு வந்தது. அந்த அம்மையார் என்ன சொல்ல வந்தார் என்று பிள்ளைகளைக் கேட்டோம். ஒருவருக்கும் நினைவில்லை. அவ்வயல் எந்த நாட்டுப் பகுதியில் இருந்தது, செம்மேட்டிற்கு இப்பாலா அப்பாலா என்பதும் நமக்கு இன்று தெளிவாகச் சொல்லக் கூடவில்லை.