ஓய்வா? அசைவா?
மூட்டுவலி மருத்துவம் கடந்து வந்த பாதை

முழங்கால் வலித்தால் உட்கார்ந்து விடுகிறோம். இடுப்புப் பிடித்துக்கொண்டால் படுத்து விடுகிறோம். நொந்த உறுப்பை அசைக்காமல் இருப்பதே அதற்கு நாம் செய்யும் உதவி என்று எண்ணுகிறோம். நாள்தோறும் மணிக்கணக்கில் நின்று பாடம் சொல்லும் ஆசிரியர் பலர், “விடுமுறை வரட்டும், காலுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கலாம்” என்று சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். இந்த எண்ணம் சரிதானா? மருத்துவ உலகம் இக்கேள்வியை வைத்துக்கொண்டு நெடுங்காலம் வழக்காடியிருக்கிறது. பிசியோதெரபி என வழங்கும் இயன்முறை மருத்துவம் அவ்வழக்கினூடே வளர்ந்ததாகும்.

பழையோர் பட்டறிவு

கிரேக்க மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்படும் ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் நூல்களுள் மூட்டுகளைப் பற்றியதும் ஒன்று. தேய்த்தல் என்பது தளர்ந்த மூட்டை இறுக்கவும், இறுகிய மூட்டைத் தளர்த்தவும் வல்லது என்று அந்நூல் கூறுகிறது. அளவோடு பயன்படுத்தும் உறுப்பு நலம் பெறும், பயன்படுத்தாத உறுப்பு நலியும் என்பதும் அதன் கருத்து. நம் சித்த மருத்துவர்கள் இக்கலைக்குத் ‘தொக்கணம்’ என்று பெயரிட்டனர். தட்டல், பிடித்தல், அழுத்தல், இழுத்தல், அசைத்தல் முதலாக அதனை ஒன்பது வகையாகவும் பிரித்தனர். ஆகவே இப்பட்டறிவு எந்த ஒரு நாட்டாருக்கும் தனியுரிமை அன்று. ஆனால் மேலைநாட்டில் அது ஒழுங்கான கல்வியாகவும் தொழிலாகவும் உருப்பெற்றது 19-ஆம் நூற்றாண்டில்தான்.

அதற்கு வித்திட்டவர் சுவீடன் நாட்டவரான பெர் ஹென்ரிக் லிங் (1776–1839). இவர் மருத்துவர் அல்லர். வாட்போர் கற்பித்த ஆசிரியர். வாத நோயால் வருந்திய தம் கை, வாட்பயிற்சியால் நலமடைந்ததை அவர் கண்டார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1813-ஆம் ஆண்டில் அரசின் ஆதரவோடு ஸ்டாக்ஹோம் நகரில் உடற்பயிற்சிக் கழகம் ஒன்றை அவர் நிறுவினார். படைவீரர்க்குரிய பயிற்சியோடு நோயாளர்க்குரிய பயிற்சியும் அங்குக் கற்பிக்கப்பட்டது. அதே நகரில் 1865-இல் குஸ்தாவ் சாண்டர் என்னும் மருத்துவர், கைகால்களை அசைத்துப் பயிற்றும் பொறிகளைக் கொண்ட நிலையம் ஒன்றைத் திறந்தார். இன்றைய உடற்பயிற்சிக் கூடங்களில் நாம் காணும் பொறிகளுக்கு அவை முன்னோடிகள்.

ஓய்வின் ஆட்சி

எனினும் அக்காலத்தில் ஆங்கில நாட்டு அறுவை மருத்துவர்களிடையே ஓங்கி நின்றது ஓய்வுக் கட்சியே. லண்டன் மருத்துவர் ஜான் ஹில்டன் ஓய்வையும் வலியையும் பற்றி ஆற்றிய விரிவுரைகள் 1863-இல் நூலாக வந்து பெரும்புகழ் பெற்றன. லிவர்பூல் நகரில் வாழ்ந்த ஹியூ ஓவன் தாமஸ் (1834–1891) இன்னும் ஒரு படி மேலே சென்றார். நோயுற்ற மூட்டுக்கு வேண்டுவது இடையறாத, நீண்ட ஓய்வு என்றார். அதற்கென அவர் அமைத்த கட்டுச்சட்டம் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

அவர்களைக் குறைகூறுதல் நேர்மையாகாது. அந்நாளில் மூட்டுகளைப் பெரிதும் அழித்தது காசநோய். அதனைக் கொல்லும் மருந்து அன்று இல்லை. அத்தகைய மூட்டை அசையாமல் வைப்பது அறிவுடைமையே. பிழை எங்கே நேர்ந்தது என்றால், ஒரு நோய்க்குப் பொருந்திய விதியை எல்லா வலிக்கும் பொதுவிதி ஆக்கியதில்தான். பாரிஸ் நகரத்து லூக்காஸ் ஷாம்பியோனியர் இதனை எதிர்த்தார். எலும்பு முறிந்த உறுப்பையும் தக்க காலத்தில் தேய்த்தும் அசைத்தும் பேண வேண்டும் என்று 1895-இல் நூல் எழுதினார்.

நால்வர் காத்த நற்பெயர்

இந்நிலையில் இத்தொழிலுக்கு வேறொரு திசையிலிருந்து இடர் வந்தது. 1894-இல் லண்டனில் ‘மசாஜ்’ என்ற பெயர்ப்பலகையின் பின்னே ஒழுக்கக்கேடான தொழில் நடப்பதாகப் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் எழுதியது. நேர்மையாக உழைத்த பெண்களின் பெயரும் பிழைப்பும் ஒருங்கே கெடும் நிலை உண்டாயிற்று. அப்போது லூசி ராபின்சன், ரோசலிண்ட் பேஜெட், எலிசபெத் மேன்லி, மார்கரெட் பால்மர் ஆகிய நான்கு பெண்கள் கூடிச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். மருத்துவர் பணித்தாலன்றி யாருக்கும் சிகிச்சை செய்யலாகாது. மருத்துவ இதழ்களில் அன்றி வேறெங்கும் விளம்பரம் கூடாது. நோயாளிக்கு மருந்து விற்கலாகாது என்றெல்லாம் தமக்குத் தாமே கடுமையான விதிகளை வகுத்துக்கொண்டனர். தேர்வு வைத்துச் சான்றிதழும் வழங்கினர். அச்சங்கம் 1920-இல் அரச பட்டயம் பெற்றது. 1944-இல் பிசியோதெரபி சங்கம் என்ற பெயரை ஏற்றது. தேய்ப்பவர் என்று இழிவாகக் கருதப்பட்டவர், கல்வி கற்ற மருத்துவத் துணைவராக உயர்ந்தது இவ்வாறுதான்.

முதல் உலகப் போர் இத்தொழிலின் தேவையை உலகறியச் செய்தது. காயம் ஆறியும் கைகால் முடங்கிய வீரர்கள் ஆயிரக்கணக்கில் திரும்பினர். அவர்களுக்கெனத் தேய்ப்பும் பயிற்சியும் கைத்தொழிலும் அமைந்த மருத்துவமனைகளை உருவாக்கியவர் ராபர்ட் ஜோன்ஸ். இவர் ஓய்வுக்காக வாதிட்ட தாமஸின் உறவினர், அவரிடமே பயின்றவர்! அமெரிக்காவில் போர்வீரர்க்குத் தொண்டு செய்த மேரி மக்மில்லன், 1921-இல் அந்நாட்டில் தோன்றிய இயன்முறை மருத்துவச் சங்கத்தின் முதல் தலைவி ஆனார்.

படுக்கை தந்த பாடம்

இத்தனைக்குப் பின்னும் இடுப்புவலி என்று வந்தவரைப் படுக்க வைக்கும் வழக்கம் ஒழியவில்லை. 1947-இல் ரிச்சர்ட் ஆஷர் என்னும் லண்டன் மருத்துவர், படுத்தே கிடப்பதால் விளையும் கேடுகளை விளக்கிக் கட்டுரை எழுதினார். தசை மெலியும், மூட்டு இறுகும், குருதி உறையும் என்று எச்சரித்தார்.

எழுத்தால் முடியாத வழக்கைச் சோதனை முடித்து வைத்தது. 1986-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், இடுப்புவலியோடு வந்த 203 பேருள் ஒரு சாராரை 2 நாளும் மறு சாராரை 7 நாளும் படுத்திருக்கச் சொன்னார்கள். நோய் தணிவதில் இரு சாராருக்கும் வேற்றுமை இல்லை. ஆனால் 2 நாள் படுத்தவர்கள் வேலையிழந்த நாட்கள் 45 விழுக்காடு குறைவு. 1995-இல் பின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர் 186 பேரை வைத்து மற்றோர் ஆய்வு வந்தது. படுத்தவர், முதுகுக்கெனத் தனிப்பயிற்சி செய்தவர், இயன்ற அளவில் அன்றாட வேலைகளைத் தொடர்ந்தவர் என மூன்று பிரிவினர். முதலில் நலமடைந்தவர் மூன்றாம் பிரிவினரே. மிகப் பின்தங்கியவர் படுத்தவர். புதிதாக வந்த வலிக்குத் தனிப்பயிற்சிகூட வேண்டுவதில்லை, நடமாட்டமே போதும் என்பதும் இதனால் விளங்கிற்று.

காரணமும் கடமையும்

மூட்டெலும்புகளின் முனையை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. மூட்டில் ஊறும் நீரே அதற்கு உணவு. நாம் நடக்கும்போது அழுந்தியும் விடுபட்டும் அது பஞ்சுபோல் அந்நீரை உறிஞ்சுகிறது. அசையாத மூட்டு பட்டினி கிடக்கிறது என்று சொன்னாலும் பொருந்தும். மூட்டைத் தாங்கும் தசையும் உழைப்பின்றி மெலிய, சுமை முழுதும் மூட்டின்மேல் விழுகிறது. வலிக்கு அஞ்சி அசையாதிருப்பவன், நாளைய வலிக்கு இன்றே வழிசெய்கிறான்.

ஆகவே முழங்கால் தேய்வுற்றோர்க்கு இக்கால மருத்துவர் முதலில் கூறுவது தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியையே. நாற்காலியில் அமர்ந்து காலை நேரே நீட்டிச் சில நொடிகள் நிறுத்துதல், பின் கையூன்றாமல் எழுந்து அமர்தல் ஆகியவை எளியவை. தோள் இறுகியவர் சுவரில் விரல்களால் மெல்ல மேலேறிப் பழகலாம். பயிற்சியின்போது சிறிது வலி தோன்றுவது இயல்பு. மறுநாளும் அது மிகுந்தே இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். உலக நலவாழ்வு நிறுவனம் நாட்பட்ட இடுப்புவலிக்கென 2023-இல் வெளியிட்ட நெறிமுறையும் பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. இடுப்புப் பட்டையை வழக்கமாக அணிவதை அது பரிந்துரைக்கவில்லை.

ஓய்வே வேண்டாம் என்பதன்று இதன் பொருள். எலும்பு முறிந்தால் கட்டுப் போடத்தான் வேண்டும். மூட்டு சிவந்து வீங்கிக் காய்ச்சல் கண்டாலும், விழுந்தபின் காலூன்ற முடியாவிட்டாலும், இடுப்புவலியோடு கால் மரத்துப்போனாலும், சிறுநீர் போவதில் மாறுதல் தோன்றினாலும் உடனே மருத்துவரை நாடுதல் வேண்டும். தாமஸ் கண்ட உண்மையும் உண்மையே. அதற்கு உரிய இடம் உண்டு.

மற்ற நாட்களில் வரும் வழக்கமான வலிக்கோ, இவ்வரலாறு கூறும் விடை தெளிவு. விடுமுறை வந்ததும் சாய்வு நாற்காலியைத் தேடும் ஆசிரியர், காலையும் மாலையும் சிறிது தூரம் நடந்து வருவாராக. காலுக்கு அவர் தரக்கூடிய நல்ல ஓய்வு அதுவே.