யாரு பேப்பரு?

'பேப்பர்லயே போட்டுட்டான்' என்று ஊர்த்தெருவில் சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை. சேரியில் அப்படியில்லை. 'யாரு பேப்பருய்யா அது?' என்று ஒரு பெரிசாவது கேட்கும். படிக்காத சனங்களின் அறியாமை என்று இதை ஒதுக்குகிறார்கள். அறியாமை இல்லை, நூறு வருசத்துக்கும் மேலான அனுபவம்.

1893இல், சிவில் சர்வீஸ் பரீட்சையை இந்தியாவிலும் நடத்த வேண்டுமென்று பிரிட்டிஷ் காமன்ஸ் சபையில் தீர்மானம் நிறைவேறியது. காங்கிரஸ் வெகுநாளாகக் கேட்டுவந்த காரியம். 'இந்தியர்களின் கோரிக்கை' என்றார்கள். எந்த இந்தியர்? அதே ஆண்டு சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். வசவாக வீசப்பட்ட பேரையே தலைப்பாக்கினார். பரீட்சை இங்கே நடந்தால் மேல்சாதிக்காரன்தானே கலெக்டராக வந்து உட்காருவான், நம்ம கதி என்ன? கூட்டம் கூட்டினார்கள். 3412 பேர் கையெழுத்திட்ட மனு பார்லிமென்டுக்குப் போனது. வெள்ளைக்காரன் பக்கம் சாய்ந்தார்கள் என்று ஏசுகிறவர்கள் ஏசட்டும். அச்சடித்த 'தேசம்' என்ற சொல்லுக்குள் தங்களுக்கு இடமிருக்கிறதா என்று பார்த்துப் படித்தவர்கள் அவர்கள்.

1907 ஜூன் 19இல் அயோத்திதாசப் பண்டிதரின் 'ஒரு பைசாத் தமிழன்' வந்தது. விலையே பேரில் இருந்தது. பத்திரிகைகள் சுதேசியம் முழங்கிய காலத்தில், சாதியை வைத்துக்கொண்டு என்ன சுதேசியம் என்று வாராவாரம் கேட்டது. கோலார் தங்கவயல்வரை அதற்கு வாசகர்கள் இருந்தார்கள்.

1920இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கினார். ஊமைகளின் தலைவன் என்று பொருள். காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தைப் போட மறுத்தது திலகரின் 'கேசரி'. செய்தி வேண்டாம், விளம்பரத்துக்குக்கூட இடமில்லை!

1996இல் பி.என். உனியால் என்ற பத்திரிகையாளர், டில்லியில் அரசு அங்கீகாரம் பெற்ற நிருபர்களில் தலித் யாராவது உண்டா என்று தேடினார். ஒருவரைக்கூட அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. சேரி எரிந்தால் 'இரு பிரிவினர் மோதல்' என்று ஏன் வருகிறது என்பது இப்போது புரியும். எரித்தவன், எரிந்தவன் இரண்டு பேரும் ஒன்றுபோல 'பிரிவினர்' ஆகிவிடுகிறார்கள்.

இன்று சேதி கைபேசியிலேயே வந்து விழுகிறது. இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். 'நம்மாளு அனுப்பினான்' என்பதற்காகவே நம்பி அடுத்தவனுக்குத் தள்ளிவிடுகிறோம். ஊர்ப் பேப்பரிடம் கேட்ட கேள்வியை நம்மாளிடம் கேட்பதில்லை. பொய்ச்சேதி ஒன்று பரவினால் முதலில் அடி விழப்போவது சேரியில்தான். 1893இல் நம்ம பாட்டன்மார் வெறுமனே சந்தேகப்பட்டுவிட்டு வீட்டில் உட்காரவில்லை. சேதியைப் பேசினார்கள், பேர் பேராகக் கையெழுத்து வாங்கினார்கள், தாமே எழுதினார்கள். எங்கே நடந்தது, யார் பார்த்தது, அடிபட்டவரிடம் கேட்டார்களா? இந்த மூன்றையும் விசாரிக்காமல் எந்தச் சேதியையும் சேரிக்குள் விடக்கூடாது, நம்மாளு அனுப்பியதாக இருந்தாலும்.