ஜப்பான் பெட்டியும் பதுளைக் கடைவீதியும்

1983 ஜூலை 15, வெள்ளிக்கிழமை. ஜப்பானின் நின்டென்டோ நிறுவனம் ஃபமிகொம் என்னும் விளையாட்டுப் பெட்டியை 14,800 யென் விலையில் விற்பனைக்கு இறக்கியது. பன்னிரண்டு நாள் கழித்து, ஜூலை 27 புதன்கிழமை, பதுளைக் கடைவீதியில் தமிழர் கடைகள் எரிந்தன. இரண்டுக்கும் தொடர்பேதும் இல்லை. ஆயினும் பழைய குறிப்பேடுகளைப் புரட்டும்போது இவ்விரு திகதிகளும் என் மனத்தில் அருகருகே வந்து நிற்கின்றன.

புதிய பெட்டியொன்றைச் சந்தைக்குக் கொண்டுவருபவனின் பாடு எப்போதும் ஒன்றுதான். பெட்டி விற்பதற்கு விளையாட்டுகள் வேண்டும். விளையாட்டு எழுதுபவர்களோ பெட்டி எத்தனை விற்றிருக்கிறது என்று கேட்பார்கள். ஃபமிகொம் வெளிவந்த நாளில் அதற்கிருந்தவை மூன்றே விளையாட்டுகள். போதாக்குறைக்கு முதலில் விற்ற பெட்டிகளில் சில்லுப் பழுது. ஆட்டம் நடுவில் உறைந்து நின்றது. நிறுவனம் அவற்றைத் திருப்பி வாங்கி, மின்சுற்றுப் பலகையை மாற்றிக் கொடுத்தது.

அமெரிக்காவில் நிலைமை இன்னும் மோசம். அதே 1983இல் அங்கே விளையாட்டுச் சந்தையே சரிந்து கிடந்தது. அட்டாரி நிறுவனம் விற்காத கேசட்டுகளை நியூ மெக்சிகோவில் குப்பைமேட்டில் புதைத்தது. (2014இல் ஒரு பகுதியைத் தோண்டியெடுத்து வேடிக்கை பார்த்தார்கள்.) கையைச் சுட்டுக்கொண்ட கடைக்காரர்கள் விளையாட்டுப் பெட்டி என்றாலே கதவடைத்தனர். 1985 ஒக்டோபரில் நியூயோர்க்கில் இறங்கிய நின்டென்டோ, கூடவே சிறு ரோபோவொன்றை வைத்துப் பொம்மைச் சாமான் போலக் காட்டியது. விற்காததைத் தானே திருப்பி எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரர்களுக்கு வாக்கும் கொடுத்தது. ரோபோவைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அந்த வாக்குறுதியே பெரிதாகப் படுகிறது.

ஏனெனில் பதுளையில் வானொலி திருத்தும் கடை வைத்திருந்த நண்பரொருவரை நான் அறிவேன். 1977க்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்தது. 1982 பெப்ரவரி 15இல் ரூபவாஹினி தொடங்கியது. அவர் துணிந்து கொழும்பு மொத்த வியாபாரியிடம் கடனுக்குத் தொலைக்காட்சிப் பெட்டிகளை எடுத்தார். பசறை, ஹாலிஎல, தெமோதரைத் தோட்டங்களிலிருந்து சம்பள நாளில் இறங்கி வருபவர்களுக்குத் தவணைக்குக் கொடுத்து, நீண்ட கணக்குப் புத்தகமொன்றில் எழுதி வைத்தார். 27ஆம் திகதி கடையோடு அந்தப் புத்தகமும் போயிற்று. எரிந்த சரக்கை எவரிடம் திருப்பிக் கொடுப்பது? கடன் கொடுத்த மொத்த வியாபாரியின் கடையும் கொழும்பில் இரண்டு நாள் முன்னரே எரிந்திருந்தது. அவர் குடும்பத்தோடு கோத்தகிரிக்குப் புறப்படுமுன், தோட்டத்து ஆட்கள் சிலர் நினைவிலிருந்த தவணைப் பணத்தைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்ததாகச் சொன்னார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், பசறைப் பக்கத் தோட்டமொன்றில், லயத்துக் காம்பராவுக்குள் அந்த ஜப்பான் பெட்டியின் நகலைக் கண்டேன். அசல் வந்திருந்தாலும் பயனில்லை. ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட், நமக்கு 230; அவர்களது ஒளிபரப்பு முறை அப்போது என்டிஎஸ்சி, நம்முடையது பால். இந்த இடைவெளியை நகல் செய்தவர்களே நிரப்பினர். ஆனால் அந்த லயத்தில் மின்சாரமே கிடையாது. கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி கார் பற்றரியில் ஓடியது. 9 வோல்ட் பெட்டியையும் இளைஞனொருவன் அதே 12 வோல்ட் பற்றரியில் நேரே மாட்டியிருந்தான். அரை மணிக்கொருமுறை பெட்டி கொதிக்கும். அணைத்து, பிள்ளைகள் அட்டையால் விசிறுவார்கள்.

பற்றரிக்குச் சார்ஜ் ஏற்ற வாரம் ஒருமுறை பஸ்ஸில் பதுளைக்கு வருவார்கள். ஒருநாள் நானும் கூடப் போனேன். சார்ஜ் ஏற்றும் கடை, நண்பரின் கடை இருந்த அதே வரிசையில் இருந்தது. முன்பணம் வாங்கிய பின்னரே கடைக்காரர் பற்றரியைத் தொட்டார். கணக்குப் புத்தகம் எதுவும் அங்கே இருக்கவில்லை.