சிலம்பு தந்த துணிவு

காப்பிய மாந்தரைப் போற்றுவோர் பலர். அவர்தம் பண்பைத் தம் வாழ்வில் செயலாக்கியோர் சிலரே. அச்சிலருள் ம.பொ.சிவஞானம் குறிப்பிடத்தக்கவர். 1906இல் சென்னையில் எளிய குடும்பத்தில் பிறந்த அவர், மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டார்; அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் தொழிலாளியாய் உழைத்தார். 1942ஆம் ஆண்டுப் போராட்டத்தில் சிறைப்பட்டபோது சிலப்பதிகாரத்தை ஊன்றிக் கற்றார். பின்னாளில் ரா.பி.சேதுப்பிள்ளை அவருக்குச் 'சிலம்புச் செல்வர்' என்று பெயர் சூட்டினார்.

கணவனை இழந்த கண்ணகி அழுகையோடு நின்றுவிடவில்லை. ஒற்றைச் சிலம்பைச் சான்றாக ஏந்தி, பாண்டியன் அவையில் தனியளாய் நின்று வழக்குரைத்தாள். உரிமையைச் சான்று காட்டிக் கேட்கும் அத்துணிவை ம.பொ.சி.யின் பொதுவாழ்விலும் காண்கிறோம். 1946இல் தமிழரசுக் கழகத்தைத் தோற்றுவித்த அவர், மங்கலங்கிழார் முதலியோருடன் சேர்ந்து வடக்கெல்லைக்குப் போராடினார். திருப்பதி கிட்டவில்லை, எனினும் 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. அஃது அன்று சேர்ந்த செங்கற்பட்டு மாவட்டத்தில்தான் நம் திருப்பெரும்புதூரும் ஒரகடமும் அடங்கியிருந்தன.

இன்று இவ்வூர்த் தொழிற்சாலைகளில் கார்களும் மின்னணுக் கருவிகளும் உருவாகின்றன. பணி முடிந்து விடுதி திரும்பும் இளைஞரும் இளம்பெண்களும் ம.பொ.சி.யைவிட மிகுதியாகப் பள்ளியில் பயின்றவர்களே. ஊதியத்தில் குறை கண்டால் சீட்டைக் காட்டிக் கேட்பதற்கும், விட்ட படிப்பை மீண்டும் தொடர்வதற்கும் துணிவு வேண்டும். அத்துணிவைச் சிலம்பு ஓர் அச்சகத் தொழிலாளிக்கு ஊட்டியது, இவர்களுக்கும் ஊட்டும்.