இரு புறாக்களும் ஓர் ஆட்டுக்குட்டியும்

நமது விருத்தாசலம் வட்டத்திலுள்ள கோணான்குப்பத்துக்குச் சென்று பெரியநாயகி அன்னையை வணங்கி வராத குடும்பம் நம்மிடையே அரிது. அங்கே அன்னைக்குக் கோயில் எழுப்பிய வீரமாமுனிவர், 1680-இல் இத்தாலியில் பிறந்து 1710-இல் இந்தியா வந்த சேசு சபைக் குரு. அவர் 1726-இல் இயற்றிய தேம்பாவணி, 36 படலங்கள் கொண்ட பெருங்காப்பியம். அதன் தலைவர் யார்? போரில் வென்ற மன்னரல்லர். உளி பிடித்து உழைத்த ஒரு கணவர்! ஆம், வளன் என்று முனிவர் பெயரிட்ட நம் புனித சூசையப்பரே அவர்.

குழந்தை இயேசுவைக் காணிக்கையாக்க எருசலேம் கோவிலுக்குப் போன சூசையப்பரும் மரியன்னையும், ஏழைகளுக்குரிய காணிக்கையையே செலுத்தினர் என்பதை லூக்கா நற்செய்தியால் அறிகிறோம். ஆட்டுக்குட்டி வாங்க வசதியற்றோர் இரு புறாக்களைக் கொடுக்கலாம் என்பது மோசேயின் சட்டம். திருக்குடும்பம் தன் ஏழ்மைக்கு நாணவில்லை.

புறா இல்லறத்துக்கு ஏற்ற உவமையே. ஆணும் பெண்ணும் முறை வைத்து அடைகாக்கும். இரண்டும் தம் தொண்டைப்பையில் சுரக்கும் பாலைக் குஞ்சுக்கு ஊட்டும். வாடிய பேடைக்கு ஆண் புறா சிறகால் விசிறுவதை நம் சங்கப் புலவரும் கலித்தொகையில் காட்டினார். விவிலியத்தின் இனிமைமிகு பாடலோ, காதலியைப் புறாவே என்று அழைக்கிறது. நீதிமொழிகள் நூல், இளமையில் மணந்த மனைவியை அழகிய மானுக்கு ஒப்பிட்டு, அவளிடமே என்றும் மகிழ்ந்திருக்கச் சொல்கிறது.

ஆனால் விவிலியம் இனிமையை மட்டுமா சொல்கிறது? தோபித்து நூலைப் பார்ப்போம். பார்வை இழந்த தோபித்தைக் காப்பாற்ற, மனைவி அன்னா நெசவு வேலைக்குப் போனாள். ஒருநாள் முதலாளி கூலியோடு ஓர் ஆட்டுக்குட்டியையும் கொடுத்தனுப்பினார். அது கத்திய குரல் கேட்டதும், "திருடியதோ?" என்று ஐயுற்றார் கணவர். அன்பளிப்பு என்று அவள் சொல்லியும் நம்பவில்லை. இறந்தோரைத் துணிந்து அடக்கம் செய்த அறவோர், சொந்த மனைவியை நம்பவில்லை! உமது தருமமெல்லாம் எங்கே போயிற்று என்னும் பொருள்பட அவள் கேட்டதில் என்ன தவறு?

இது நம் வீட்டுக் கதையும் அன்றோ! செராமிக் கம்பெனியில் நாளெல்லாம் உழைத்துத் திரும்பும் மனைவியிடம், "ஏன் தாமதம்? இந்தப் பணம் ஏது?" என்று நாம் கேட்டதில்லையா? பார்வை இருந்தும் குருடராகிறோம். எனினும் அந்தக் குடும்பம் உடையவில்லை. மகன் பயணம் போனபோது அழுத அன்னாவைத் தேற்றியவர் தோபித்து. வழிபார்த்துக் காத்திருந்து, மகன் வருகிறான் என்று கணவருக்குச் சொன்னவள் அன்னா.

இனிமைமிகு பாடலைக் கிறிஸ்துவுக்கும் திருச்சபைக்கும் உள்ள அன்பாகவே நெடுங்காலம் விளக்கி வந்தனர். 3-ஆம் நூற்றாண்டில் ஒரிஜன் அவ்வாறு உரை எழுதினார். 12-ஆம் நூற்றாண்டில் புனித பெர்நார்து 86 மறையுரைகள் இயற்றினார். அவ்விளக்கம் என்றும் நமக்குச் செல்வமே. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமோ, 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டில் கணவன் மனைவியரின் அன்பைப் போற்றியபோது, இப்பாடலையும் நீதிமொழிகளையும் தோபித்து நூலையும் சான்றாகச் சுட்டியது. இல்லற அன்பும் இறைவன் தந்த புனிதப் பொருள் என்பது இதனால் தெளிவாகிறது.

அதே பாடலில் குள்ளநரிகளும் வருகின்றன. பூத்த திராட்சைத் தோட்டத்தைப் பாழாக்கும் சிறு நரிகளைப் பிடிக்கச் சொல்கிறது அது. இல்லறத்தைக் கெடுப்பவை பெரும் புயல்கள் மட்டுமல்ல. ஒரு சுடுசொல், ஒரு சந்தேகம், ஒரு வார மௌனம் போன்ற சிறு நரிகளும்தான். மண்ணோடு பழகும் நம் ஊராருக்கு இதை விளக்கவும் வேண்டுமா? பச்சை மண்ணில் விழுந்த கீறலை நீர் தொட்டுத் தடவி ஆற்றிவிடலாம். சூளையில் வெந்தபின் ஆற்ற இயலாது.

ஆகவே, இந்த யூபிலி நாளில் ஆலயத்துக்கு ஒளிவிளக்கு ஏற்றும் நாம், இல்லத்துக்கும் ஒன்று செய்வோம். இன்றிரவு செபமாலை முடிந்ததும், யார் மனத்தை நோகச் செய்தோமோ அவரிடம், சூளை ஏறுமுன் மன்னிப்புக் கேட்போம். பெரியநாயகி அன்னையும் புனித சூசையப்பரும் நமக்காக வேண்டுவார்களாக!