சவப்பெட்டிக்காரரின் தொப்பை

வயிறு குறையணும்னு ஒருத்தர் முடிவெடுத்தா முதல்ல என்ன பண்ணுவார்? தரையில படுத்து சிட்-அப்ஸ் எடுக்க ஆரம்பிப்பார். ரெண்டு வாரம் கழிச்சு கண்ணாடி முன்னாடி நின்னு சட்டையைத் தூக்கிப் பார்ப்பார். சிக்ஸ் பேக் வராது, வயிற்று வலிதான் வந்திருக்கும். ஒரு நாளைக்கு பத்து மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து கீபோர்டு தட்டுகிற ஜாதி நான் என்பதால், இந்த விஷயத்தில் எனக்கு கொஞ்சம் சொந்த அக்கறையும் உண்டு.

இதே சோதனையை 160 வருஷத்துக்கு முன்னாடியே லண்டன்ல ஒரு பெரியவர் தன் உடம்பிலேயே பண்ணிப் பார்த்து, ரிசல்ட்டையும் அச்சடிச்சு ஊருக்கெல்லாம் கொடுத்திருக்கார். பெயர் வில்லியம் பாண்டிங். டாக்டரும் இல்லை, பயில்வானும் இல்லை. சவப்பெட்டி செய்து, இறுதி ஊர்வலம் நடத்திக் கொடுப்பதுதான் அவருடைய தொழில். லேசுப்பட்ட ஆள் இல்லை, ராஜ குடும்பத்துக்கே அவங்க கம்பெனிதான். 1852-ல வெலிங்டன் டியூக்கின் இறுதிச் சடங்கு வேலையும் அவங்களுடையதுதான். (நம்ம குன்னூர் பக்கத்துல வெலிங்டன்னு ஊர் இருக்கே, அதே டியூக் பேர்தான்.)

பாண்டிங் குடும்பத்துல குண்டானவங்க கிடையாது. ஆனா முப்பது வயசுக்கு மேல இவருக்கு உடம்பு ஏற ஆரம்பிச்சது. தெரிந்த டாக்டர் ஒருத்தர், "உடம்பை வளைச்சு வேலை செய்யுங்க" என்று சொல்ல, தினமும் காலையில் ரெண்டு மணி நேரம் கனமான படகில் துடுப்பு வலித்தார். கை கால் எல்லாம் நல்லா உரமாச்சு. கூடவே அகோரப் பசியும் வந்தது. பசிச்சா சாப்பிடத்தானே வேணும்? எடை கூடிக்கொண்டே போனதில் கடைசியில் அந்த டாக்டரே படகை விட்டுவிடச் சொன்னார். அப்புறம் கடல் குளியல், நீராவிக் குளியல், ஊர் ஊரா போய் மருந்து நீர் குடிக்கறதுன்னு வரிசையா எல்லாம் பண்ணினார். ஒண்ணும் பெரிசா வேலைக்கு ஆகவில்லை.

1862 ஆகஸ்டில் அவருக்கு வயது 65, உயரம் 5 அடி 5 அங்குலம், எடை 202 பவுண்டு, அதாவது சுமார் 92 கிலோ. குனிந்து ஷூ கயிறு கட்ட முடியாது. மூட்டு வலிக்குப் பயந்து மாடிப்படியில் பின்பக்கமாக இறங்குவாராம். இதைவிட என்னை ரொம்ப பாதிச்சது இன்னொரு வரி. நாலு பேர் பார்த்து சிரிப்பார்கள், கமென்ட் அடிப்பார்கள் என்பதற்காகவே பொது இடங்களுக்கும் பொது வண்டிகளுக்கும் போவதைத் தவிர்த்தேன் என்று எழுதியிருக்கிறார். ராஜாக்களை வழியனுப்பி வைத்த மனுஷன், பஸ்ஸில் ஏற கூச்சப்பட்டிருக்கிறார்.

திருப்பம் வந்தது காது வழியாக! காது சரியாகக் கேட்கவில்லை என்று வில்லியம் ஹார்வி என்கிற காது டாக்டரிடம் போனார். ஹார்வி அதற்கு முன்பு பாரிஸ் போய், கல்லீரல் சர்க்கரையை எப்படிக் கையாளுகிறது என்று கிளாட் பெர்னார்ட் நடத்திய வகுப்புகளைக் கேட்டுவிட்டு வந்தவர். அவருக்கு சட்டென்று ஒரு யோசனை. காதையும் அடைப்பது இந்தக் கொழுப்புதானோ? ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு, இந்த ஆறையும் முடிந்தவரை நிறுத்தச் சொன்னார். பாண்டிங்குக்கு தலை சுற்றியிருக்கும். ஏன்னா அதுவரை அவர் சாப்பிட்டதே இந்த ஆறுதான். பாலும் சர்க்கரையும் தாராளமாப் போட்ட டீ, வெண்ணெய் தடவிய டோஸ்ட், மதியம் பீரும் ரொட்டியும் இனிப்பும், ராத்திரி பழம் வைத்த பணியாரம்.

புது மெனு இது. காலையில் நாலைந்து அவுன்ஸ் மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி அல்லது மீன், பாலும் சர்க்கரையும் இல்லாத டீ, துளியூண்டு டோஸ்ட். மதியம் மீன் அல்லது இறைச்சி, உருளைக்கிழங்கு தவிர எந்தக் காய்கறியும், கூட ரெண்டு மூணு கிளாஸ் ஒயின். சாயங்காலம் பழம், ஒண்ணு ரெண்டு ரஸ்க், வெறும் டீ. ராத்திரி மறுபடி கொஞ்சம் இறைச்சி, ஒயின். தூக்கம் வரலைன்னா சர்க்கரை சேர்க்காத ஜின் அல்லது விஸ்கி. (மக்களே, இந்தப் பத்தியை மட்டும் கட் பண்ணி வீட்டுல காட்டாதீங்க. அந்தக் காலத்துக்கு அது மருந்து, நமக்கு அது தேவையில்லாத கலோரி.)

ஒரு வருஷம் கொஞ்சம் தாண்டி, 1863 செப்டம்பரில் அவர் எடை 156 பவுண்டு. 46 பவுண்டு, அதாவது 21 கிலோ காலி! இடுப்பு 12 அங்குலத்துக்கு மேல் சுருங்கிவிட்டது. மாடிப்படியில் எல்லோரையும் போல இறங்கினார், காதும் நன்றாகக் கேட்டது.

சும்மா இருக்கமாட்டாம கால்குலேட்டரைத் தட்டினேன். சுமார் 54 வாரத்தில் 21 கிலோ என்றால் வாரத்துக்கு 400 கிராம் கூட இல்லை. ஒரு கிலோ கொழுப்புக்கு தோராயமாக 7700 கலோரி என்று வைத்தால், ஒரு நாளைக்கு 400 சொச்சம் கலோரிதான் குறைந்திருக்கிறது. பீரையும் வெண்ணெய் டோஸ்டையும் நிறுத்தினாலே இந்தக் கணக்கு கிட்டத்தட்ட வந்துவிடும். மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை, ஒரு வருஷம் விடாமல் செய்ததுதான் விஷயம்.

1863-ல தன் அனுபவத்தை 'உடல் பருமன் பற்றி ஒரு கடிதம்' என்று சின்னப் புத்தகமாப் போட்டார். எடை குறைந்த விவரத்தைத் தேதிவாரியா ஒரு அட்டவணையாவும் கொடுத்திருக்கார். நம்ம பாஷையில சொன்னா லாக் ஃபைல். முதல் பதிப்பு இலவசம். அப்புறம் கூட்டம் தாங்காமல் விலை வைத்தபோதும் லாபத்தை தர்மத்துக்குக் கொடுத்துவிட்டார். ஓப்பன் சோர்ஸ் என்ற வார்த்தை பிறக்காத காலத்திலேயே! அவர் பெயரே ஒரு வினைச்சொல் ஆனது. ஸ்வீடன் மொழியில் டயட் இருப்பதற்கு இன்றைக்கும் 'பாண்டா' என்றுதான் பெயர்.

டாக்டர்களுக்குக் கோபம் வந்தது. சவப்பெட்டிக்காரருக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று லான்செட் பத்திரிகையே திட்டி எழுதியது. அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. ஒரே ஒரு ஆளை வைத்து உலகத்துக்கே தியரி சொல்ல முடியாது.

ஆனால் துடுப்பு விஷயத்தில் அவர் அனுபவம் பொய்க்கவில்லை. 1984-ல் அமெரிக்காவில் 13 பேரை 27 நாளில் ஆளுக்கு 5004 சிட்-அப்ஸ் எடுக்க வைத்து, கொழுப்பைத் துளி எடுத்துச் சோதித்தார்கள். வயிற்றுக் கொழுப்பு மட்டும் தனியாகக் குறையவே இல்லை. காரணம் எளிது. வயிற்றின் முன்பக்கத் தசையில் குறுக்கே ஓடும் நார்ப்பட்டைகள்தான் அந்தக் கட்டங்கள். அது எல்லோருக்கும் பிறவியிலேயே இருக்கு, உங்களுக்கும்தான். மேலே கொழுப்பு என்கிற போர்வை. உடற்பயிற்சி தசையைத் தடிமனாக்கும், ஆனா போர்வையை விலக்குவது பெரும்பாலும் சாப்பாட்டுத் தட்டுதான். எங்கிருந்து முதலில் விலகும் என்பதையும் உடம்புதான் முடிவு பண்ணும்.

அப்போ மாவுச்சத்துதான் வில்லனா? 1972-ல் அமெரிக்காவில் டாக்டர் அட்கின்ஸ் அப்படித்தான் புத்தகம் போட்டார். சக்கைப்போடு போட்டது. ஆனா அவர் தொடங்கிய கம்பெனி 2005-ல் திவால் மனு கொடுத்தது. 2018-ல் ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை ரெண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மாவுச்சத்தையும் இன்னொன்றுக்கு கொழுப்பையும் குறைத்தார்கள். ஒரு வருஷம் கழித்து சராசரியாக 6 கிலோ, 5.3 கிலோ என்று கிட்டத்தட்ட ஒரே அளவுதான் குறைந்தது. ரெண்டு குழுவுக்கும் பொதுவாகச் சொன்னது ஒன்று: சர்க்கரையையும் மைதா வகையறாவையும் குறையுங்கள், காய்கறி நிறைய சாப்பிடுங்கள். பாண்டிங்கின் ஆறில் எது உண்மையில் வேலை செய்தது என்று இப்போ ஓரளவு புரியுதில்ல?

எனக்கு இந்தக் கதையில் தொண்டையில் நிற்பது வேறொன்று. தினம் ரெண்டு மணி நேரம் துடுப்பு வலித்தவரைப் பார்த்துத்தான் ஊர் சிரித்தது. அவர் சோம்பேறி இல்லை, அவருக்குக் கிடைத்த யோசனைதான் தப்பு. குண்டாக இருக்கிற நண்பனைப் பார்த்து "கொஞ்சம் ஓடேண்டா" என்று சொல்வதற்கு முன்னால் இதை ஒரு தடவை நினைத்துக்கொள்ளலாம்.

நீங்களும் ஆரம்பிக்கறதா இருந்தா முதலில் டீயில் சர்க்கரையை நிறுத்துங்க, அப்புறம் எடையை வாரம் ஒரு தடவை எழுதி வையுங்க. சர்க்கரை வியாதிக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள், டாக்டரைக் கேட்காமல் சாதத்தையும் இட்லியையும் திடீரென்று குறைக்காதீங்க. பாண்டிங் 81 வயது வரை இருந்து 1878-ல் காலமானார். சிக்ஸ் பேக் எல்லாம் அவருக்கு வரவில்லை. ஷூ கயிறை மட்டும் தானே குனிந்து கட்டிக்கொண்டார்.