சரீரம் யாருக்கு உரியது? திரைப்படமும் ஸ்ரீபெரும்புதூர்ச் சித்தாந்தமும்

திரைப்படத்தின் வழியே தத்துவ விசாரம் செய்யப் புகுவோர் பெரும்பாலும் தத்துவ ஞானிகளின் சரித்திரப் படங்களையே முதலில் எடுத்துக்கொள்வர். அவ்வகையில் ஸ்ரீபெரும்புதூர் பாக்கியம் செய்த ஊர். கி.பி. 1017-இல் அங்கே அவதரித்ததாகச் சம்பிரதாயம் கூறும் ராமானுஜரைப் பற்றி, ஏ. நாராயணன் இயக்க, வ.ரா. எழுத, சங்கு சுப்பிரமணியம் ஆசாரியராக வேடமேற்ற ‘ஸ்ரீ ராமானுஜர்’ 1938-இல் வெளிவந்தது. ‘ஆதி சங்கராசார்யா’வைச் சம்ஸ்கிருதத்தில் எடுத்த ஜி.வி. ஐயர் 1989-இல் ‘ராமானுஜாசார்யா’வைத் தமிழில் எடுத்தார். போற்றத்தக்க முயற்சிகளே. ஆயினும், சித்தாந்தத்தைப் பாத்திரத்தின் வாயால் சொல்லவைப்பது வேறு. அச்சித்தாந்தம் எழுப்பும் வினாவைக் கண்ணெதிரே நிறுத்துவது வேறு. பின்னதைச் செய்த படம், ராமானுஜரோடு யாதொரு சம்பந்தமும் இல்லாத சார்லி சாப்ளினின் ‘மாடர்ன் டைம்ஸ்’ (1936) என்பது என் துணிபு.

எந்தத் திரவியத்தை ஒரு சேதனன் (அறிவுள்ளவன்) தன் பிரயோஜனத்தின் பொருட்டு முற்றிலும் தாங்கவும் நியமிக்கவும் (தன் வசப்படுத்தி இயக்கவும்) வல்லவனோ, எது அவனுக்குச் சேஷமாய், அதாவது அவன் பொருட்டே, இருப்பதையே இயல்பாகக் கொண்டதோ, அதுவே அவனுக்குச் சரீரம் என்று ராமானுஜரின் பிரம்மசூத்திர உரையான ஸ்ரீபாஷ்யம் வரையறுக்கிறது. கைகால் உண்டா, இந்திரியங்கள் உண்டா என்று கேளாமல், தாங்குபவன் யார், நியமிப்பவன் யார், யார் பொருட்டு இருக்கிறது என்னும் மூன்றை மட்டுமே கேட்பது இவ்விலக்கணத்தின் பெருமை. உலகனைத்தும் பிரம்மத்தின் சரீரம், ஆகவே உலகம் மெய் என்னும் முடிவு இதன்மேல்தான் நிற்கிறது.

இனி, படத்தைப் பார்ப்போம். ஓடும் பட்டையில் வரும் மரைகளை இரு கைகளாலும் முறுக்கிக்கொண்டே நிற்கும் தொழிலாளி, பட்டையை விட்டு விலகிய பின்பும் கைகள் தாமே துடித்து முறுக்குவதை அடக்க மாட்டாமல் தவிக்கிறான். உண்ணும் நேரத்தையும் மிச்சப்படுத்தும் பொருட்டு, அவன் வாயில் உணவை ஊட்டும் யந்திரம் ஒன்று அவன்மீதே சோதிக்கப்படுகிறது. கை அவனுடையதே; நியமிப்பு அவனுடையதன்று. அப்படியாயின் அவன் யந்திரத்தின் சரீரம் ஆகிவிட்டானா? ஆகவில்லை, யந்திரம் அசேதனம், அதற்கென்று ஒரு பிரயோஜனம் இல்லை, ஆகவே அது சேஷி (சேஷத்தை உடையவன்) ஆகாது. திரையில் தோன்றி வேகத்தைக் கூட்டச் சொல்லும் முதலாளியோ சேதனன். ஆனால் நியமிக்கிறானேயன்றித் தாங்குவதில்லை. ஆன்மா உடலை நியமிப்பதோடு தாங்கவும் செய்கிறது. தாங்காத நியமனம் சரீர-சரீரி பாவம் (உடலுக்கும் உடலை உடையவனுக்கும் உள்ள உறவு) ஆகாது. அடிமைத்தனம் என்று பொதுப்பட வைதுவிட்டுப் போகாமல், எவ்விடத்தில் உறவு முறிகிறது என்று சுட்டிக்காட்ட இவ்விலக்கணம் உதவுகிறது. சேஷத்துவமே இழிவென்று சிலர் வாதிப்பர். ராமானுஜருக்கு ஜீவன் ஈசுவரனுக்குச் சேஷம். அங்கே நியமிப்பவனே தாங்குபவனுமாதலால் அது இழிவாகாமல் ஜீவனின் ஸ்வரூபமாகவே அமைகிறது.

ஆசாரியர் பிறந்த ஊரைச் சூழ்ந்து இன்று இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயும், ஒரகடத்தில் ரெனோவும், சுங்குவார்சத்திரத்தில் மின்னணுப் பொருள் ஆலைகளும் இயங்குகின்றன. ஷிஃப்ட் பேருந்துகள் இரவும் பகலும் ஓடுகின்றன. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியபோது, தாங்குபவன் யார் என்னும் வினா அவ்வூர்த் தெருக்களிலேயே எழுந்தது. வேறெங்கும் ஏட்டளவில் நிற்கும் ஒரு பாஷ்ய வாக்கியம் இங்கே வாழ்க்கைப் பிரச்சினையாகிறது.

தமிழகத்துத் தத்துவப் பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஸ்ரீபாஷ்யத்தின் இப்பகுதியை வகுப்பறையோடு நிறுத்திவிடாதீர்கள், வாராந்தர விடுமுறை நாள் ஒன்றில் ஸ்ரீபெரும்புதூரில் ‘மாடர்ன் டைம்ஸ்’ படத்தைத் தொழிலாளரோடு அமர்ந்து பாருங்கள், பின்பு முதலில் அவர்களைப் பேசவிடுங்கள்.